டி.சி. இல்லாத பிள்ளை எந்தக் கணக்கில்?

மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு 2024 ஜூலையில் அளித்த தீர்ப்பைப் பற்றி இந்த இதழின் நிலைப்பாடு என்ன என்று வாசகர்கள் கேட்டு எழுதியபடி இருக்கிறார்கள். டி.சி. என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல, சேர்க்கைக்கு அதைக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் குறிக்கக் கூடாது என்று அமர்வு சொன்னது. இப்படிச் செய்வதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்லும் மன உளைச்சலாகவே கருதியது. தீர்ப்பை முழு மனதோடு வரவேற்கிறோம்.

வழக்கு என்னவோ தனியார் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியதுதான். ஆனாலும் வீட்டுவழிக் கல்வியைத் தொடங்கும் குடும்பங்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. பாடத்திட்டம், நேர அட்டவணை எல்லாம் பிறகு. பெற்றோர் முதலில் போய் நிற்பது பள்ளி அலுவலக ஜன்னல் முன்னால். “அடுத்து எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க?” என்று கேட்கிறார்கள். “வீட்டுலயே படிக்க வைக்கப் போறோம்” என்றால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வருகிறது. சொந்த ஊரில் ஏதோ ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லி டி.சி. வாங்கி வந்தவர்கள் நம்மில் பலர். மறைக்க ஏதுமில்லாத ஒரு முடிவை ஒரு பொய்யோடு தொடங்க வைக்கிறார்கள்.

பிள்ளை பள்ளிக்குத் திரும்பிச் சேரும்போதும் தீர்ப்பு கைகொடுக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பு, 14ஆம் பிரிவின்படி பிறப்புச் சான்று, அதோடு தீர்ப்பின் நகல் ஒன்று. தலைமையாசிரியர் அறைக்கு இந்த மூன்றோடு போங்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டினால் கல்வி உரிமைச் சட்டம் துணைக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பன்னிரண்டரை வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்புக்கான ஈ.எஸ்.எல்.சி. தனித்தேர்வை எழுதவைத்துவிடுவது நல்லது என்ற நம் பழைய கருத்தில் மாற்றமில்லை.

ஆனால் இந்தத் தீர்ப்பு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாறும் பிள்ளையைத்தான் பேசுகிறது. பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் பிள்ளை அதில் இல்லை. பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவேடான எமிஸிலும் இல்லை. பள்ளி பெயரை விடுவித்ததும் பிள்ளை எமிஸில் ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலுக்குப் போகிறது. அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்கப் பள்ளி இல்லாத பிள்ளை அங்கேயே கிடக்கிறது. கொஞ்ச நாளில் இடைநின்றவர் பட்டியலில் ஏறி, விசாரிக்க ஆள் வீடு தேடி வருகிறார்.

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வட்டார வள மையத்திலிருந்து வந்த ஆசிரியர் பயிற்றுநர் தன்மையாகத்தான் பேசினாராம். ஒன்பது வயது மகள் தன் மழைக்கணக்கு நோட்டை எடுத்துக் காட்டியிருக்கிறாள். மொட்டைமாடியில் வைத்த பாட்டிலில் எந்த நாள் எத்தனை மில்லிமீட்டர், மாதச் சராசரி எவ்வளவு, தசமப் புள்ளி பிசகாமல் எழுதிவைத்த நோட்டு. அவரும் புரட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டு, கைபேசித் திரையில் இடைநிற்றலுக்கான காரணம் தேடியிருக்கிறார். வேலைக்குப் போகிறாள், ஊர் மாறிவிட்டாள், உடல்நலமில்லை, எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் “படிப்பில் ஆர்வமில்லை” என்று பதிந்துவிட்டு, “வேற ஆப்ஷன் இல்லைம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க” என்று சொல்லிப் போயிருக்கிறார்.

அவர்மீது நமக்குக் கோபமில்லை. அந்தத் திரையை வடிவமைக்கச் சொன்னவர்கள்மீது இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. அன்றிலிருந்து நாம் கேட்பது ஒரே கேள்வி: எங்கள் பிள்ளைகள் யார்? 10ஆம் பிரிவு பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது; சேர்க்காவிட்டால் தண்டனை என்று அந்தச் சட்டம் எதையும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லாமல் தவறு என்றும் சொல்லாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். தில்லி உயர் நீதிமன்றத்தில் 2012இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் வீட்டில் படிப்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்காது என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பிறகு அதிலிருந்து பின்வாங்கியது. அந்தப் பத்திரத்தை நம்பி டி.சி. வாங்கிய பெற்றோரை அங்கே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதே அமைச்சகத்தின் கீழுள்ள தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.) பதினான்கு வயதில் நம் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புக்குச் சேர்த்துக்கொள்கிறது. நம் மாநிலத் தேர்வுகள் இயக்ககமும் தனித்தேர்வராக ஏற்கிறது. தேர்வுக் கட்டணம் வாங்கும்போது மாணவர், கணக்கெடுக்கும்போது இடைநின்றவர் என்றால் எந்த வகை நியாயம் இது? உண்மையிலேயே செங்கல் சூளையிலும் பஞ்சாலையிலும் சிக்கிக்கொண்ட பிள்ளையைத் தேட வேண்டிய ஊழியரின் நேரத்தையல்லவா நம் வாசலில் வீணாக்குகிறார்கள்!

டி.சி. பற்றிய தீர்ப்பை நடைமுறைப்படுத்தும்போதே பள்ளிக்கல்வித் துறை இதையும் தீர்க்க முடியும். எமிஸில் ‘வீட்டில் கற்கிறார்’ என்று ஒரு வகை சேர்த்தால் போதும். அதற்காக ஆண்டுக்கு ஒரு முறை வட்டாரக் கல்வி அலுவலர் முன் நோட்டுகளோடு வந்து நிற்கச் சொன்னால், அதற்கும் நாம் உடன்பட வேண்டும் என்பது இந்த இதழின் கருத்து. சில வாசகர்களுக்கு இது பிடிக்காது, தெரியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் டி.சி. விண்ணப்பத்தில் சேரப்போகாத பள்ளியின் பெயரை இனி எழுத வேண்டாம். ‘வீட்டுவழிக் கல்விக்காக’ என்றே எழுதி, இரண்டாம் பிரதியில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அதன் நகலை நமக்கும் அனுப்புங்கள். திரட்டி, பள்ளிக்கல்வி இயக்குநரிடம் நேரில் கொடுக்கவிருக்கிறோம்.