இடிக்காத வீடுதான் முதல் பசுமை ஓட்டல்



"எங்களுடையது பசுமை ஓட்டல்" என்று இப்போ பல ரிசப்ஷன்ல போர்டு தொங்குது. உள்ளே போனா, துண்டைத் தினமும் துவைக்கப் போட வேண்டாம்னு ஒரு அட்டை, பேப்பர் ஸ்ட்ரா, மொட்டை மாடியில நாலு சோலார் பேனல். நல்லதுதான். ஆனா அந்தக் கட்டடம் எழும்ப எதை இடிச்சாங்க, எத்தனை லோடு சிமெண்ட் இறங்கிச்சு என்பதை எந்த போர்டும் சொல்றதில்லை.

உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதிலும் பாதிக்கு மேல் எரிபொருள் புகை இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே கிளம்புவது. சூளைக்கு சோலார் கரண்டே கொடுத்தாலும் அது நிக்காது. அப்போ, நிற்கிற கட்டடத்தை இடிக்காம ஓட்டலாக மாத்துறதுதான் பெரிய மிச்சம்.

இதை நம்ம செட்டிநாடு ஏற்கெனவே செஞ்சு காட்டியிருக்கு. கானாடுகாத்தானில் 'விசாலம்', கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' இரண்டும் செட்டியார் வீடுகள், இன்று ஓட்டல்கள். தடிமனான சுவர், உயரமான கூரை, நடுவில் முற்றம். சூடு மேலே ஏறி வெளியே போகும், மழைத்தண்ணி முற்றத்தில் இறங்கும். தரையில் ஆத்தங்குடிக் கல்: கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைப்பது. சூளையே கிடையாது.

ஆனா பழைய வீட்டை ஓட்டலாக்கினாலே பசுமை ஆயிடாது. இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. அந்தச் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைச்சு இழைச்சது. அது மூச்சு விடும், ஈரத்தை வாங்கி வெளியே விடும். விரிசல் தெரிஞ்சதும் மேஸ்திரி என்ன பண்றார்? மேலே சிமெண்டைப் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சிடுறார். ஈரம் உள்ளேயே மாட்டிக்கும், உப்பு பூக்கும், சில மழைக்காலத்துல பூச்சு பாளம் பாளமா உதிரும். அப்புறம் "பழைய வீடுன்னா இப்படித்தான்"னு பழி வீட்டு மேல! முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடி, ரூமுக்கு ரூம் ஏசி மாட்டுறதும் இதே கதைதான். காத்து போற வழியை அடைச்சிட்டு, குளிருக்கு கரண்ட் பில் கட்டுறோம்.

(நான் படிச்சது சிவில். நாலு வருஷத்துல சுண்ணாம்புக்கு ஒதுக்கினது ஒரே ஒரு வகுப்பு. சிமெண்டுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க.)

தண்ணிக் கணக்கும் பார்க்கணும். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் இருபது குளியலறை வந்தா, சிவகங்கை மாதிரி வறண்ட மாவட்டத்தில் அந்தத் தண்ணி பக்கத்து வீட்டுக் கிணத்துல இருந்துதான் வரும். குளிச்ச தண்ணியைச் சுத்திகரித்து தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் திருப்பாத ஓட்டலுக்குப் பசுமைன்னு பேர் வைக்கக்கூடாது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. இன்னொரு பக்கம் அதே வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. உரிமையாளர்களைத் திட்டிப் பயனில்லை. பங்காளிகள் பல ஊரில், பல நாட்டில். பராமரிக்கிற செலவு ஒருத்தர் தலையில். இடிச்சு வித்தா கையில் காசு, வெச்சுக்கிட்டா ஓட்டை ஒழுகல். இந்த நிலையில யாரா இருந்தாலும் என்ன பண்ணுவாங்க?

அதனால நாம் அரசிடம் கேட்கிறோம்: சுற்றுலாத் திட்டத்தில் புதுக் கட்டடத்துக்கு என்ன சலுகையோ, பழைய வீட்டைப் புதுப்பிப்பவருக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுங்க. ஐடிஐகளில் சுண்ணாம்பு வேலையைப் பாடமாக்குங்க. கைவேலை தெரிந்த மூத்த கொத்தனார்களையே வாத்தியார் ஆக்குங்க. அரசின் 'ஓட்டல் தமிழ்நாடு' கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது, இடிச்சுக் கட்டுறதுக்கு முன்னாடி பழுது பார்க்க முடியுமான்னு ஒரு பொறியாளர் அறிக்கை வாங்கி, அதை மக்கள் பார்வைக்கு வையுங்க.

உங்க ஊரில் நல்லா நிற்கிற பழைய வீடோ சத்திரமோ லாட்ஜுக்காக இடிபடப் போகுதா? ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்க. அந்தந்தத் தொகுதிப் பொறுப்பாளர்களிடம் கொண்டு சேர்க்கிறோம்.

– தகவல் தொழில்நுட்ப அணி

#இடிக்காதே_புதுப்பி #செட்டிநாடு