வட்டியில்லாத் தவணையாம்!

கள்ளக்குறிச்சியில் அண்மையில் நடந்த வீட்டு உபயோகப் பொருட்காட்சி ஒன்றுக்கு நாம் போயிருந்தோம். நாமாகப் போகவில்லை. கல்வராயன் மலையிலிருந்து ஓர் இளந்தம்பதி இறங்கி வந்திருந்தார்கள். கணவர் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. மனைவியின் தோளில் நான்கு மாதக் குழந்தை, தலைச்சன் பிள்ளை. "அண்ணே, கடையிலே கையெழுத்துக் கேப்பாங்களாம். நீங்க கூட வாங்க" என்று அழைத்தார்கள். போனோம்.

அவர்கள் கையில் இருந்தது 6,000 ரூபாய். மகப்பேறு உதவித் தொகையில் மிஞ்சியதும் வெட்டுக் கூலியில் சேர்த்ததும் அதில் அடக்கம். வாங்க வந்தது துணி துவைக்கும் இயந்திரம்.

வாசலைத் தாண்டியதும் விளக்கொளியும் ஒலிபெருக்கியும்தான். குழந்தையைக் கண்டதும் நான்கு கடைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பெற்ற மனம் இளகிய மனம் என்பது வியாபாரிக்குத் தெரியாதா? "இது இல்லாமல் பிள்ளை எப்படி வளரும்?" என்று ஒருவர் உருளும் பிளாஸ்டிக் நடைவண்டியைக் காட்டினார். அதில் உட்கார வைத்தால் பிள்ளை சீக்கிரம் நடக்குமாம்! நடக்காது, படியில் உருண்டு விழும், அடுப்பை எட்டிப் பிடிக்கும் என்பதே மருத்துவர்கள் சொல்வது. கனடா தேசம் 2004-இல் இந்த வண்டியை விற்கவே தடை போட்டுவிட்டது. நம் ஊர் ஆசாரி செய்து தரும் மூன்று சக்கர மரவண்டி வேறு. அதைப் பிள்ளை எழுந்து நின்ற பிறகு தானே தள்ளிக்கொண்டு போகும்.

அந்த வண்டியை வாங்கினால் ஒரு பால்புட்டி இலவசமாம். இது சட்ட விரோதம் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? பால்புட்டி, குழந்தைப் பால்மாவு இவற்றுக்கு விளம்பரம் செய்வதையும், இலவசமாகக் கொடுத்து ஆசை காட்டுவதையும் 1992-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. சுத்தமான நீரும் விறகும் கிடைக்காத வீட்டில் புட்டிப்பால் என்றால் வயிற்றுப்போக்கு. இந்த உண்மையை உலகம் உணர்ந்து 1981-இல் உலக சுகாதார நிறுவனம் விதிமுறை வகுத்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. புட்டி மேஜைமேல் இருக்கிறது!

அந்த மேஜைக்குப் பின்னால் நின்ற வாலிபரை நாம் குறை சொல்லவில்லை. அவரும் நம் வர்க்கம்தான். காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பதாகச் சொன்னார். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அங்கே ஒரு முக்காலிகூட இல்லை.

பிறகு சலவை இயந்திரக் கடை. "வட்டியில்லாத் தவணை" என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். விலை 12,000, மாதம் 2,000 வீதம் 6 தவணை. நம் தம்பியின் முகம் மலர்ந்தது. ஆதார் நகலை எடுத்துவிட்டார். பேனாவும் கைக்கு வந்துவிட்டது.

"ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று கேட்டோம். 10,800 என்றார்கள். முதல் தவணையை அன்றே கட்டவேண்டுமாம். காகிதச் செலவு என்று இன்னொரு 300 ரூபாயாம்.

துண்டு நோட்டீசின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். தோழர்களே, நீங்களும் போட்டுப் பாருங்கள். பொருளின் உண்மை விலை 10,800. அன்றே கையை விட்டுப் போவது 2,300. ஆக அவர்கள் கொடுக்கும் கடன் 8,500தான். அதற்கு ஐந்து மாதத்தில் 10,000 திருப்பிக் கட்ட வேண்டும். கூடுதல் 1,500 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்கு மாதம் ஐந்தரை ரூபாய் வட்டிக்கும் மேலே போகிறது! இதற்குப் பெயர் வட்டியில்லாக் கடனா?

இது நம் கண்டுபிடிப்பு அல்ல. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அத்தகைய திட்டங்களை நடத்தவேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது. கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமும் வந்தது. கிராமத்து வட்டிக்காரன் வட்டியை வட்டி என்றே சொல்லி வாங்கினான். இவர்கள் அதைத் தள்ளுபடி என்று பேர் மாற்றி வாங்குகிறார்கள். வித்தியாசம் இவ்வளவுதான்.

கல்வராயன் மலைமக்களுக்குக் கடனும் கட்டாய உழைப்பும் புதிதல்ல. 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. கூலியின்றி அவர்கள் நிலத்தில் உழைத்தார்கள் நம் மக்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-இல்தான். அந்தத் தளை அறுந்து அரை நூற்றாண்டு ஆகிறது. வேலைக்கு முந்தி வாங்கும் முன்பணம் ஒரு பக்கம், தவணைக் காகிதம் மறுபக்கம் என்று நாளைய உழைப்பை இன்றே அடகு வைக்கும் வழக்கம் மட்டும் அறுந்தபாடில்லை.

கணக்கை முடித்து நாம் நிமிர்ந்தோம். தம்பி பேனாவைக் கீழே வைத்தார். ஆனால் தங்கை சும்மா இருக்கவில்லை. "கணக்கெல்லாம் சரிதாண்ணே. பிள்ளைத் துணியோட ஊட்டுத் துணி மொத்தமும் தொவைக்கிறது நான்தானே? கை நோவுறது உங்களுக்கா, அவருக்கா?" என்றார்.

நமக்குப் பதில் வரவில்லை. ஆம், நியாயமான கேள்வி! ஏழைக்கு எதற்கு இயந்திரம் என்று பேசுவது முதலாளிகளின் பேச்சு. பெண்ணின் முதுகெலும்பைக் காக்கும் எந்த இயந்திரமும் உழைப்பாளி வீட்டுக்கு வரவேண்டியதுதான். பிரச்னை இயந்திரம் அல்ல. பிள்ளை பெற்ற நான்காம் மாதத்தில் அதை வாங்க வழியில்லாத கூலிதான். ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்யும் பெண்ணுக்கு 1961-ஆம் வருஷத்துச் சட்டம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு தந்தது. 2017-இல் அது 26 வாரமாக உயர்ந்தது. கரும்புத் தோட்டத்தில் கட்டுக் கட்டும் பெண்ணுக்கு அந்த விடுப்பு ஒரு நாள்கூட இல்லை. அவளுக்குக் கிடைப்பது உதவித் தொகை மட்டும்தான்.

கடைசியில் தங்கையே தீர்ப்புச் சொன்னார். "அடுத்த வெட்டு முடிஞ்சதும் ரொக்கமா வாங்கிக்கலாம். அதுவரைக்கும் பாதித் துணியை அவரு தொவைக்கட்டும்." தம்பி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். குழந்தைக்கு ஒரு கொசுவலை, இரண்டு பெரிய வாளி இவற்றை ரொக்கத்துக்கு வாங்கிக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள்.

நாம் கேட்பது இதுதான். பொருட்காட்சிக்கு அனுமதி தரும் அதிகாரிகள், ரொக்க விலையையும் தவணையில் கட்டும் மொத்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். 1992-ஆம் வருஷத்துச் சட்டத்தை அந்தப் பந்தலுக்குள்ளும் அமுல் நடத்த வேண்டும். விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் பிரசவ கால முழுக் கூலி வேண்டும். இதற்குச் சர்க்கார்தான் பொறுப்பேற்க வேண்டும்.

அதுவரை, தோழர்களே, கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரொக்க விலை என்ன?" கேட்டுவிட்டு, வீட்டில் துணி துவைப்பவர் யார் என்பதையும் யோசியுங்கள்.