துணிவும் நேர்த்தியும்

திருச்சிராப்பள்ளி மன்னார்புரத்தை அடுத்த காஜாமலைப் பகுதியில் அண்ணா விளையாட்டரங்கம் உள்ளது. 2024 சனவரியில் தமிழ்நாடு ஏற்று நடத்திய கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளுள் மல்லர் கம்பம் இங்குதான் நடைபெற்றது. ஆமணக்கெண்ணெய் பூசிய கம்பத்தில் கால்களின் பிடியை மட்டும் நம்பித் தலைகீழாகத் தொங்குவதும், கயிற்றைக் கால்விரல்களிடையே பற்றிக்கொண்டு உடலை வில்லாய் வளைப்பதும் இக்கலையின் இயல்பு. மல்லர் கம்பம் காண்போர் கைதட்டும் இடம் ஒன்று. நடுவர் தாளில் குறிக்கும் இடம் வேறு. வீரர் பிடியை விட்டுப் பிடிக்கும்போது அரங்கம் ஆர்ப்பரிக்கும். அந்நேரத்தில் அவருடைய முழங்கால் மடங்கியதா, பாதம் நீண்டிருந்ததா என்று நடுவர் நோக்குவார்.

துணிந்து செய்த அரிய செயலுக்கு மிகுதியான மதிப்பெண்ணா? எளியதாயினும் பிழையின்றி அழகுறச் செய்ததற்கு மிகுதியான மதிப்பெண்ணா? உடலையே கருவியாகக் கொண்ட விளையாட்டுகள் அனைத்திலும் இவ்வினா உண்டு. சீருடற்பயிற்சி எனப்படும் ஜிம்னாஸ்டிக்சில் இந்தியர் இதனை மிக அருகிலிருந்து உணர்ந்த நாள் 2016 ஆகஸ்டு 14.

அன்று இரியோ ஒலிம்பிக்கில் மகளிர் தாண்டு மேசை இறுதிப் போட்டி. களத்தில் நின்ற எண்மருள் ஒருவர் திரிபுரா மாநிலம் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர். ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியச் சீருடற்பயிற்சி வீராங்கனை அவரே. தட்டைப் பாதம் உடையவர். இக்கலைக்கு அது பெருங்குறை. முறையான கருவிகள் இல்லாத காலத்தில் பயிற்சியாளர் பிஷ்வேஷ்வர் நந்தி பழைய ஸ்கூட்டரின் உதிரிப் பாகங்களைக் கொண்டு உதைபலகை அமைத்துத் தந்தார் என்பது அந்நாளில் நாளிதழ்களில் பரவலாக வெளிவந்த செய்தி. தீபா தேர்ந்துகொண்ட தாண்டல் 'புரோடுனோவா'. ஓடிவந்து மேசையில் கைகளை ஊன்றி எழும்பி, காற்றில் இருமுறை முன்புறமாகக் கரணமிட்டு, பின்னர் நிலத்தில் காலூன்ற வேண்டும். சுழற்சி சற்றே குறைந்தாலும் கூடினாலும் கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் கேடு. செய்தியாளர்கள் இதனை 'மரணத் தாண்டல்' என்றே எழுதினர்.

தீபா விழவில்லை, ஆயினும் மிகத் தாழக் குந்திய நிலையில்தான் காலூன்ற முடிந்தது. அத்தாண்டலுக்குக் கடினப் புள்ளி 7.000, செய்நேர்த்திப் புள்ளி 8.266, இரண்டும் சேர்ந்து 15.266. அவர் செய்த மற்றொரு தாண்டலின் கடினப் புள்ளி 6.000, செய்நேர்த்தி 8.866, கூட்டினால் 14.866. இரண்டின் சராசரி 15.066. மூன்றாம் இடம் பெற்ற சுவிட்சர்லாந்தின் கியூலியா ஸ்டைன்குரூபரின் சராசரி 15.216. வேறுபாடு 0.150. சராசரியில் இவ்வளவு என்றால் இரு தாண்டல்களின் கூட்டுத்தொகையில் 0.300. காலூன்றும்போது பெரிதாக ஓரடி பிறழ்ந்தால் நடுவர் கழிக்கும் புள்ளி அவ்வளவே. ஸ்டைன்குரூபரின் தாண்டல்கள் புரோடுனோவாவைவிட எளியவை. ஆனால் அவற்றைத் தூய்மையாகச் செய்தார். நான்காமிடம் பெற்ற தீபாவை நாடே போற்றியது. பாராட்டுரைகளில் 'உயிரைப் பணயம் வைத்தவர்' என்னும் தொடர் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பெண் உயிரைப் பணயம் வைத்ததைக் கொண்டாடிய ஒரு நாடு, அவர் ஏன் அவ்வாறு வைக்க நேர்ந்தது என்று வினவியதாகத் தெரியவில்லை.

அதற்கான விடை மதிப்பீட்டு முறையில் இருக்கிறது. 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் உருமேனியாவின் நாடியா கொமனேச்சி முழு மதிப்பெண்ணாகிய 10 பெற்றபோது, அவ்வெண்ணைக் காட்ட இயலாத பலகை 1.00 என்று காட்டியது. பத்து என்பது அன்று எல்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் எழுந்த மதிப்பீட்டுச் சர்ச்சைகளுக்குப் பின், 2006இல் அவ்வெல்லை நீக்கப்பட்டது. செய்நேர்த்தி பத்துக்குள்ளேயே நிற்கும். கடினத்துக்கு மேல்வரம்பு இல்லை. இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தாண்டலில் விழுந்தால் கழிப்பது 1 புள்ளி. தீபாவின் இரு தாண்டல்களுக்கும் இடையே கடினப் புள்ளியில் இருந்த வேறுபாடும் 1 புள்ளியே. அதாவது, புரோடுனோவாவைச் செய்து விழுந்தாலும், எளிய தாண்டலைச் செய்து நின்றதற்கு ஈடாக மதிப்பெண் கிடைக்கக்கூடும். விழுவதற்கும் நிற்பதற்கும் விலை ஒன்றாகிவிட்டால், வசதி குறைந்த நாட்டிலிருந்து வரும் வீராங்கனை எதனைத் தேர்வார்? அதே இறுதிப் போட்டியில் 41 வயதான உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினாவும் புரோடுனோவாவையே முயன்று, காலூன்றியபின் நிலைகொள்ளாது முன்னே உருண்டார்.

அழகின் பக்கம் நிற்போர் இவ்விடத்தில் குரல் கொடுப்பர். பனித்தளச் சறுக்குக் கலையில் இதே வழக்கு நீண்ட நாளாக நடைபெற்று வருகிறது. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் இரசியாவின் பிளஷென்கோ காற்றில் நான்கு முறை சுழலும் தாவலைச் செய்தார். அமெரிக்காவின் லைசாசெக் அதனைச் செய்யவே இல்லை. மற்றவற்றை நேர்த்தியாக நிறைவேற்றினார். 257.67க்கு 256.36 என்ற கணக்கில் தங்கம் லைசாசெக்குக்குச் சென்றது. நான்கு சுழற்சித் தாவல் இல்லாதவர் எவ்வாறு வாகையர் ஆகலாம் என்று பிளஷென்கோ வெளிப்படையாகவே குறைகூறினார். பின்னர் 2018இல் அத்தாவல்களின் அடிப்படை மதிப்பு குறைக்கப்பட்டு, செய்யும் தரத்துக்குரிய புள்ளி வரம்பு கூட்டப்பட்டது.

அழகுக்கே முதன்மை என்று இதனை எளிதாக முடித்துவிட இயலாது. அழகை அளப்பவர் மனிதர். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் இணையர் சறுக்குப் போட்டியின் நடுவர் ஒருவர் நெருக்குதலுக்கு உட்பட்டு வாக்களித்ததாகப் புகார் எழ, கனடா இணையர்க்கும் தங்கம் வழங்க வேண்டியதாயிற்று. பழைய மதிப்பீட்டு முறையே அதனால் மாறியது. கடினப் புள்ளியோ விதிநூலில் அச்சாகி நிற்பது; யார் செய்தாலும் அதே எண். நடுவர் அறியாத நாட்டிலிருந்து, புகழ்பெற்ற பயிற்சிக்கூடத்தின் பெயரின்றி வரும் ஒருவருக்கு அவ்வெண் ஒன்றே காவல். தீபா புரோடுனோவாவை நாடியதை வெறும் துணிச்சல் என்பது பொருந்தாது. வேறு கதவுகள் இறுகிக் கிடந்தபோது திறந்திருந்த கதவு அது.

ஆனால் அழகுக்கு இலக்கணம் இல்லை என்பதும் பிழையே. தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், ஏழாண்டு பயின்ற மாதவி பன்னிரண்டாம் வயதில் சோழன் முன் ஆடுகிறாள். ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவரும் பெற்றிருக்க வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் முன்னரே வகுத்துவிடுகிறார். அரங்குக்கும் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என அளவு உண்டு. மாதவி தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றது நூல் நெறி வழுவாது ஆடியமையால். மன்னனின் மனம்போன போக்கால் அன்று. நீட்டிய பாதம், மடங்காத முழங்கால், அசையாத காலூன்றல் ஆகியனவும் அத்தகைய நெறிகளே. கண்ணால் கண்டு எழுதக்கூடியவை. மேனியின் எழில், முகத்தின் பொலிவு, ஆடையின் ஒளி ஆகியவற்றுக்கு மதிப்பெண் தருவதுதான் ஐயத்துக்கு உரியது. நேர்த்தி வேறு, கவர்ச்சி வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதே இவ்வழக்கின் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

அரிய செயல்களின் மதிப்பை முன்கூட்டியே குறைத்துவிடுவது ஒரு வழி. புரோடுனோவாவின் மதிப்பு இரியோவுக்குப் பின் குறைக்கப்பட்டது. 2019இல் சமநிலைச் சட்டத்திலிருந்து இறங்கும்போது அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் செய்த புதிய கரணத்துக்கும் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் குறைவான மதிப்பே வழங்கப்பட்டது. பைல்ஸ் அதனை ஏற்கவில்லை. அவர் சினந்ததில் நியாயம் உண்டு. திறம்படச் செய்யவல்லவர்க்குரிய பரிசை, செய்யவியலாதவர் முயன்றுவிடுவாரோ என்ற அச்சத்தால் குறைப்பது அறமாகாது. அதனினும் நேரிய வழி, நின்றவருக்கு முழு மதிப்பையும் தந்து, விழுந்தவருக்குரிய கழிவை உயர்த்துவது. ஒரு புள்ளிக்கு மாறாக இரண்டு புள்ளி கழியும் என்றால், பத்தில் ஆறு முறை விழும் தாண்டலை எந்தப் பயிற்சியாளரும் போட்டிக்குக் கொண்டுவரத் தயங்குவார். பயிற்சிக் கூடத்தில் இன்னும் ஓராண்டு அது காத்திருக்கும்.

அக்காத்திருப்பு இல்லாமற்போனதன் விளைவை எலேனா முகினா வாழ்ந்து காட்ட நேர்ந்தது. 1978இல் உலக வாகையரான அவர், 1979இல் கால் எலும்பு முறிந்து, முழுமையாகத் தேறுமுன்னரே களத்துக்குத் திரும்பினார். அதுவரை ஆடவர் மட்டுமே செய்துவந்த அரிய கரணம் ஒன்றை மாஸ்கோ ஒலிம்பிக்குக்காகப் பயின்றார். 1980 சூலையில், போட்டிக்குச் சில வாரங்களே இருக்கையில், பயிற்சியின்போது சுழற்சி முற்றுப்பெறாது தரையில் மோதினார். கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 20. 2006இல் இறக்கும்வரை அந்நிலையிலேயே வாழ்ந்தார்.

தீபாவுக்கு 2017இல் முழங்கால் அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. தாண்டும் ஒருவருக்கு முழங்கால் என்பது வாழ்வாதாரம். 2018இல் துருக்கியின் மெர்சின் நகரில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்று மீண்டார். 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய வாகையர் போட்டி நடைபெற்றது. அங்குத் தாண்டு மேசையில் 13.566 என்ற சராசரியுடன் தங்கம் வென்று, இப்போட்டியில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியரானார். அப்போது அவருக்கு வயது 30. அன்று அவர் செய்த இரு தாண்டல்களுள் எதுவும் புரோடுனோவா அன்று.