யானை போட்டோவுக்கு ‘செம’ போடும் முன்... ஓசூர் கேமரா ஆர்வலர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி!

ஓசூர் பக்கம் ராகி கதிர் முற்றத் தொடங்கினால் இரண்டு தரப்பு கிளம்பிவிடும். ஒன்று, கர்நாடகாவின் பன்னேர்கட்டா காட்டில் இருந்து ஜவளகிரி வழியாக வரும் யானைக் கூட்டம். இன்னொன்று, அதைப் படம் எடுக்கக் கிளம்பும் கேமரா ஆர்வலர்கள். சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு, ஞாயிறு காலையில் கெலவரப்பள்ளி அணைக்கோ, சானமாவு பக்கமோ வண்டியை விடுபவர்கள் இவர்கள்.

எடுத்த படம் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். “லைட்டிங் செம”, “இன்னும் கொஞ்சம் கிராப் பண்ணியிருக்கலாம்”, “ஐஎஸ்ஓ அதிகம்” என்று கருத்துகள் வரும். கற்றுக்கொள்ள நல்ல வழிதான். ஆனால், ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: “இதை எடுக்கும்போது நீங்க எங்க நின்னீங்க?”

அந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

ஒரு சின்னக் கணக்கு. 600 எம்எம் லென்ஸில் 200 மீட்டர் தள்ளி நின்று எடுத்த யானை, படத்தில் ஓர் அளவில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். செல்போனின் சாதாரண லென்ஸ் சுமார் 26 எம்எம்தான். அதில் யானை அதே அளவு தெரிய வேண்டுமென்றால் சுமார் 9 மீட்டருக்குள் போக வேண்டும். நல்ல லென்ஸ் வைத்திருப்பவரின் படத்தைப் பாராட்டும்போது, போன் மட்டும் வைத்திருக்கும் புதியவரை நாம் தெரியாமலே எங்கே தள்ளுகிறோம் என்று பாருங்கள்.

இன்னொன்று, அதிக லைக் வாங்கும் ‘ஆக்‌ஷன்’ படங்கள். காதை விரித்து, வாலைத் தூக்கி, மண்ணைக் கிளப்பி நிற்கும் யானை பெரும்பாலும் எரிச்சலில் அல்லது பயத்தில் இருக்கும் யானை. படம் எடுத்தவர் கிளம்பிவிடுவார். மிரண்ட யானை திரும்புவது பக்கத்து ராகிக் கொல்லைக்குள். ராத்திரி முழுக்க அங்கே காவல் இருக்கும் விவசாயிதான் அதை எதிர்கொள்ள வேண்டும்.

முன்பு இந்தச் சிக்கல் இல்லையா?

இந்தப் பகுதிக்கும் கேமராவுக்கும் பழைய உறவு உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1857 கடைசியில் பெங்களூரில் இருந்து கிளம்பி, ராயக்கோட்டையைப் படம் எடுத்தார். ராயக்கோட்டை, சேலம் மாவட்டப் படங்கள் 1858-ல் தனித் தொகுப்பாகவே வந்தன. அதற்கு முன்பே, 1855 மெட்ராஸ் கண்காட்சியில் அவர் படங்களை நடுவர்கள் பார்த்து முதல் தரப் பதக்கம் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்திலேயே மெட்ராஸில் போட்டோ கலைஞர்களுக்கென்று சங்கம் இருந்தது. படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பது நேற்று வந்த பழக்கம் இல்லை.

ஆனால், டிரைப் எடுத்தது கோட்டையை. கோட்டைக்குப் பயமும் கிடையாது, கோபமும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் காடு, காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க அனுமதி வேண்டும். விலங்குகளைச் சீண்டுவது குற்றம். வாழிடத்தை மாற்றாமல், விலங்குக்குப் பாதிப்பு இல்லாமல் எடுக்க வேண்டும் என்பதும் 2022 திருத்தத்தில் சேர்ந்தது.

ஆனால் நம் ஊர் யானை சரணாலயத்துக்குள்ளேயே நிற்பதில்லை. ஏரிக்கரை, தோட்டம், தேசிய நெடுஞ்சாலை என்று வந்துவிடுகிறது. அங்கே சரணாலய அனுமதி என்ற பேச்சே எழாது. அந்த இடத்தில் ஒரு கட்டுப்பாடு வர வேண்டுமென்றால், படத்தைப் பார்க்கும் சக ஆர்வலர்களிடம் இருந்துதான் வர வேண்டும்.

இடம் எப்படி வெளியே போகிறது?

போனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பினால் அப்படியே போகும். “எந்த ஏரி ப்ரோ?” என்ற கமெண்ட்டுக்கு உடனே பதில் போட்டாலும் அதே கதைதான். யானை இன்னும் அங்கேயே நிற்கும்போது கூட்டம் வந்துவிடும்.

உயிரினப் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சரியான இடத்தைத் தானாகவே மறைக்கிறது. நம் குழுக்களில் அதை நாம்தான் செய்ய வேண்டும்.

அப்போ படமே போடக் கூடாதா?

தாராளமாகப் போடலாம். காது மடலில் உள்ள கிழிசல், தந்தத்தின் வடிவம் ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் காண முடியும். தெளிவான படம் வனத்துறைக்கும் ஆய்வாளர்களுக்கும் உதவும். செய்ய வேண்டியது மூன்றுதான்: யானை இடம் மாறிய பிறகு போடுங்கள். ஊர் பெயரை விட்டுவிடுங்கள். எவ்வளவு தூரத்தில், எந்த லென்ஸில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

‘எப்படி எடுத்தீர்கள்’ என்று கேட்பது கலையைக் கெடுப்பது ஆகாது. லண்டனில் வழங்கப்படும் உலகின் பெரிய வனவிலங்குப் புகைப்பட விருதில், வேலியைத் தாண்டும் ஓநாய் படம் 2009-ல் முதல் பரிசு வாங்கியது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவு செய்து, 2010 ஜனவரியில் விருதைத் திரும்பப் பெற்றார்கள். படம் அழகாகத்தான் இருந்தது.

அடுத்த முறை குழுவில் யானைப் படம் வந்தால், லைட்டிங் பற்றிச் சொல்லுங்கள், கிராப் பற்றியும் சொல்லுங்கள். கூடவே அதையும் கேட்டுவிடுங்கள்: “எவ்வளவு தூரத்துல நின்னீங்க ப்ரோ?”