நோயில்லாதவருக்கும் பரிசோதனை வேண்டுமா?



"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எனக்கு எதற்குச் சோதனை?" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீரிழிவு வலியோடு தொடங்கும் நோயன்று. இரத்தத்தில் சர்க்கரை சிறிது சிறிதாக ஏறுவது பல ஆண்டுகள் வெளியே தெரிவதில்லை. விழித்திரை, சிறுநீரகம், பாத நரம்புகள் ஆகியவை பழுதுபட்ட பிறகே பலர் மருத்துவரை நாடுகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

அப்படியானால் எல்லோரையும் சோதித்துவிட்டால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நோய் வாய்ப்பு மிகுந்த சுமார் 20,000 பேரை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கவனித்தனர். சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் இறப்பு குறையவில்லை என்பது அவர்கள் 2012-இல் வெளியிட்ட முடிவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகள் ஆயினர். உணவை ஒழுங்குபடுத்தி, நாள்தோறும் நடக்கும்படி தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேரே ஆயினர். சோதனையைவிட அதற்குப் பின் செய்வதே முக்கியம் என்பது விளங்குகிறதல்லவா?

யாரை முதலில் சோதிப்பது? இதற்கு டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் ஓர் எளிய மதிப்பெண் முறையை வகுத்தனர். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்னும் நான்கே செய்திகள் போதும். ஆலந்தலையில் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் 45 வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வயதுக்கு 20, இடுப்பு 95 சென்டிமீட்டருக்கு 10, உடற்பயிற்சி இன்மைக்கு 30, தாய்க்கு நோய் இருப்பதற்கு 10, ஆக 70. மதிப்பெண் 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து மிகுதி. அவர் ஒழுங்காக உடற்பயிற்சி செய்து, இடுப்பை 90-க்குக் கீழே கொண்டுவந்தால் மொத்தம் 50 ஆகிவிடும். வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்!

மதிப்பெண் மிகுந்தவருக்கு அடுத்த படி இரத்தச் சோதனை. அளவீடு எதுவாயினும் சிறு பிழை உண்டு என்பதை இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்பது நீரிழிவின் எல்லை. 125-க்கும் 126-க்கும் இடையே மலையளவு வேறுபாடு இல்லை. அதனால்தான், அறிகுறி இல்லாதவருக்கு மருத்துவர் மீண்டும் சோதித்தே உறுதி செய்கிறார்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து நோயாளிகளைக் கவனிக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் விடியுமுன் படகேறிவிடும் மீனவரைப் பகலில் வீட்டில் தேடினால் காண முடியுமா? கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போகாத நாளில் முகாம் வைக்க வேண்டும். உயர்ந்த அளவு காட்டியவரை மறுமாதமும் தேடிச் செல்ல வேண்டும்.

இதில் உங்களுக்கும் பங்குண்டு. தையற்காரர் அளவெடுக்கும் நாடா ஒன்று போதும். இன்றே அப்பா, அம்மாவின் இடுப்பை அளந்து மதிப்பெண் போடுங்கள். கூட்டுத்தொகை 60-ஐத் தொட்டால், அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அதோடு நின்றுவிடாமல், மாலையில் அவர்களோடு நீங்களும் நடக்கத் தொடங்குங்கள்.