தணிக்கை செய்த தோழர்கள்

1961 பிப்ரவரியில் மாஸ்கோவில் நாவலாசிரியர் வசீலி கிராஸ்மனின் வீட்டுக்குள் கேஜிபி அதிகாரிகள் நுழைந்தார்கள். ஆளைத் தொடவில்லை. அவருடைய ‘வாழ்வும் விதியும்’ நாவலின் தட்டச்சுப் பிரதிகளையும் குறிப்பேடுகளையும் அள்ளினார்கள். கார்பன் தாள்களையும் தட்டச்சு ரிப்பன்களையும்கூட விடவில்லை என்கிறார்கள். தட்டச்சு செய்து கொடுத்தவர்கள், பத்திரிகை அலுவலகங்கள் என்று பிரதி இருந்த இடமெல்லாம் தேடிப் பறித்தார்கள்.

நாவல் கேஜிபியின் கைக்குப் போன வழியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். கிராஸ்மன் அதை ரகசியமாக வைத்திருக்கவில்லை. ஸ்டாலின் இறந்தாயிற்று, குருஷேவே அவரது குற்றங்களைப் பேசிவிட்டார், இனி உண்மையை எழுதலாம் என்று நம்பி 1960இல் ‘ஸ்னாம்யா’ இதழுக்கு அவரே கொடுத்தார். இதழாசிரியர் வதீம் கொஷெவ்னிகவ் ஒரு நாவலாசிரியர். ஆசிரியர் குழு கூடி, இது அரசியல் ரீதியாகப் பகைமை கொண்ட நூல் என்று தீர்ப்புச் சொன்னது. பேனா பிடித்தவர்கள் முதலில்; போலீஸ் அதற்குப் பிறகுதான்.

கம்யூனிஸ்ட் அரசுகளின் தணிக்கை என்றதும் அதிகாரியின் சிவப்பு மை நினைவுக்கு வரும். அதற்கென்றே ‘கிளாவ்லித்’ என்ற துறையை சோவியத் அரசு 1922இல் உருவாக்கியது. ஆனால் அதைவிட வலுவான பிடி 1932இல் வந்தது. இலக்கியக் குழுக்களை எல்லாம் கலைத்துவிட்டு ஒரே எழுத்தாளர் சங்கம் என்று கட்சி முடிவெடுத்தது. 1934இல் அதன் முதல் மாநாடு சோஷலிச யதார்த்தவாதமே வழி என்றது. வீடு, ஓய்வில்லம், புத்தகம் அச்சேறும் வாய்ப்பு எல்லாம் சங்க அட்டையோடு வந்தன. அட்டை போனால் எல்லாம் போகும். 1946இல் கவிஞர் அன்னா அக்மதோவாவையும் எழுத்தாளர் ஜோஷென்கோவையும் சங்கம் நீக்கியபோது ரேஷன் அட்டையும் பறிபோனது. போர் முடிந்து ஓராண்டே ஆன, பசித்த நாட்டில். 1958இல் பாஸ்டர்நாக்கை நீக்கியவர்களில் பலர் அவருடைய ‘டாக்டர் ஷிவாகோ’வைப் படித்ததே இல்லை. நாட்டில் அச்சாகாத புத்தகத்தை எப்படிப் படிப்பது?

கிராஸ்மனும் இந்த வலைக்கு வெளியே நின்றவர் அல்லர். யூத மருத்துவர்கள் தலைவர்களைக் கொல்லச் சதி செய்தார்கள் என்று 1953இல் பொய் வழக்கு ஜோடித்தபோது, அவர்களைக் கண்டிக்கும் கூட்டறிக்கையில் அவரும் கையெழுத்திட்டார். அவருடைய தாயை யூதர் என்பதற்காகவே நாஜிகள் 1941இல் பெர்திசேவில் கொன்றிருந்தார்கள். அந்தக் கையெழுத்தை அவர் மறக்கவில்லை. நாவலில் விக்டர் ஷ்த்ரூம் என்ற இயற்பியலாளர், மிரட்டலை எல்லாம் தாங்கியவர், ஸ்டாலின் தொலைபேசியில் இதமாகப் பேசிய பிறகு அப்படியொரு கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் குன்றிப்போகிறார். மனிதனைச் சலுகை எப்படி வளைக்கிறது என்பதை இவ்வளவு நெருங்கிப் பார்த்த பக்கங்கள் குறைவு. அந்தப் பக்கங்களையும்தான் அள்ளிக்கொண்டு போனார்கள்.

சீனாவிலும் இதே கதை. இலக்கியம் கட்சிக்கே என்று மாவோ 1942இல் யெனானில் வகுத்த கொள்கையோடு முரண்பட்ட விமர்சகர் ஹூ ஃபெங், 1955இல் கைதானார். அவர் எழுதிய அந்தரங்கக் கடிதங்களைக் கட்சியிடம் கொடுத்தவர், பழைய நண்பரான எழுத்தாளர் ஷூ வூ. ஹூ ஃபெங் விடுதலையானது 1979இல்.

மலிவு விலையில் வந்த சோவியத் நூல்களால் தமிழில் ஒரு தலைமுறையே வாசிக்கக் கற்றது. ‘தாய்’ நாவல் பலரின் வாழ்க்கையை மாற்றியது. அந்த நன்றி பொய்யில்லை. ஆனால் அந்த அலமாரிக்கு வராமல் தடுக்கப்பட்டவர்களையும் நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

புத்தகத்துக்கு விடுதலை கேட்டு கிராஸ்மன் குருஷேவுக்குக் கடிதம் எழுதினார். 1962இல் கட்சியின் கருத்தியல் தலைவர் சுஸ்லொவ் அவரை அழைத்தார். நாவலை நான் படிக்கவில்லை, அதைப் பற்றிய அறிக்கைகளைத்தான் படித்தேன் என்றார். இன்னும் 200, 300 ஆண்டுகளுக்கு அதை வெளியிடுவது பற்றிப் பேச முடியாது என்றார். இரண்டு ஆண்டில் கிராஸ்மன் புற்றுநோயால் இறந்தார்.

நாவல் பிழைத்தது, அதுவும் பெரும்பாலும் எழுத்தாளர்களால்தான். கவிஞர் செம்யோன் லிப்கின் ஒரு பிரதியை ஒளித்து வைத்திருந்தார். இயற்பியலாளர் சாகரவ், எழுத்தாளர் வொய்னொவிச் போன்றோர் அதைப் படச்சுருளாக்கி வெளிநாட்டுக்கு அனுப்ப உதவினார்கள். 1980இல் லோசான் நகரில் அச்சானது. 1988இல் ‘அக்தியாபர்’ இதழ் சோவியத் நாட்டிலேயே வெளியிட்டது. எழுத்தாளர் ஐசக் பாபெலுக்கு அப்படி நடக்கவில்லை. 1939இல் அவரைக் கைது செய்தபோது எடுத்துச் சென்ற கையெழுத்துப் பிரதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை.