போர் அறிவித்தார்கள்... போருக்கு வந்தார்களா? போலந்து ஏமாந்த 17 நாட்கள்

1939 செப்டம்பர் 1, அதிகாலை 4.45 மணி. நல்லெண்ணப் பயணம் என்று சொல்லி டான்சிக் துறைமுகத்துக்கு வந்திருந்த ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் போர்க்கப்பல், வெஸ்டர்பிளாட்டே முகாம் மீது குண்டுமழை பொழிந்தது. உள்ளே இருந்த போலந்து வீரர்கள் சுமார் 200 பேர்தான். ஆனாலும் 7 நாட்கள் தாக்குப்பிடித்தார்கள்.

போலந்து தனியாக இல்லை என்பதுதான் அப்போதைய நம்பிக்கை. அதற்கு ஆதாரமும் இருந்தது. உதவிக்கு வருவோம் என்று ஆகஸ்ட் 25-ல் பிரிட்டன் ஒப்பந்தம் போட்டிருந்தது. படை திரட்டத் தொடங்கிய 15 நாட்களில் பெரும் தாக்குதல் நடத்துவோம் என்று பிரான்ஸ் மே மாதமே வாக்கு கொடுத்திருந்தது.

நடந்தது என்ன?

செப்டம்பர் 3: காலை 11 மணிக்குக் கெடு முடிந்ததும் பிரிட்டன் போர் அறிவித்தது. மாலை 5 மணிக்கு பிரான்ஸ். அன்றிரவே பிரிட்டன் விமானங்கள் ஜெர்மனி மேல் பறந்தன. ஆனால், போட்டது வெடிகுண்டு அல்ல, துண்டுப் பிரசுரம்!

செப்டம்பர் 7: பிரெஞ்சுப் படை சார் பகுதியில் எல்லையைத் தாண்டியது. சில கிலோமீட்டரோடு சரி.

செப்டம்பர் 12: அபேவில் நகரில் கூடிய பிரிட்டன், பிரான்ஸ் தலைவர்கள் பெரிய தாக்குதல் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். போலந்திடம் உண்மை நிலவரம் சொல்லப்படவில்லை.

செப்டம்பர் 17: கிழக்கிலிருந்து சோவியத் படை புகுந்தது. அதோடு கதை முடிந்தது.

பிரான்ஸ் தரப்புக்கும் நியாயம் உண்டு. முதல் உலகப் போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்த நாடு அது. இன்னொரு ரத்தக்களரிக்குத் தயங்கியதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், முடியாது என்றால் முடியாது என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கை நம்பித்தானே போலந்து தன் திட்டத்தை வகுத்தது?

தள்ளிப்போட்டதால் பிரான்ஸாவது தப்பித்ததா? அதுவும் இல்லை. ஜெர்மனியின் டாங்கிப் படை போலந்தில் சிக்கியிருந்த நேரத்தில் அதன் மேற்கு எல்லை பலவீனமாக இருந்தது. அந்த வாய்ப்பு நழுவியது. 1940 மே மாதம் அதே டாங்கிகள் பிரான்ஸுக்குள் நுழைந்தன. ஜூன் 22-ல் பிரான்ஸ் பணிந்து கையெழுத்துப் போட்டது.

போர்க்காலத்தில் தலைப்புச் செய்தியாவது அறிவிப்புகள்தான். கவனிக்க வேண்டியதோ, அறிவிப்புக்கு மறுநாள் படைகள் எங்கே நிற்கின்றன என்பதை!